ஒன்றரை மீட்டர்

கல்யாண போட்டோகிராபர் பூபதியின் ஜூம் லென்ஸ் எழுபது மில்லிமீட்டரிலிருந்து முந்நூறுக்குப் போக வேண்டுமென்றால் வளையத்தை இரண்டு தரம் பிடித்துத் திருப்ப வேண்டும். அதற்குள் மாப்பிள்ளை தாலி கட்டி மெட்டியும் போட்டுவிடுவார். கழுத்தில் தொங்கவிட்டால் லென்ஸின் குழல் தானாக இறங்கி, பஸ்ஸில் தூங்குகிறவன் தலைபோல ஆடும். அதற்கு ரப்பர் பேண்டு போட்டிருந்தான். வெளிச்சம் குறைந்தால் ஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும். கம்பெனிக்காரர்களே, ‘எங்கள் லென்ஸில் என்ன மாற்றம் வேண்டும்?’ என்று போனுக்கு ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள். கேட்டதுதான் கேட்டார்கள், நறுக்கென்று நாலு வார்த்தை எழுதிவிட வேண்டும் என்று ஆட்டையாம்பட்டியிலிருந்து கல்யாண மண்டபம் வரும்வரை மனதுக்குள் எழுதிக்கொண்டே வந்தான்.

அலங்காரத்துக்கு உட்கார்ந்திருந்த மணப்பெண் யுவஸ்ரீ அவனைக் கூப்பிட்டாள்.

“ஏனுங்ணா, தாலி ஏறும்போது எங்கம்மா மொகத்த எடுத்துருங்க. அப்பா இல்லாததால மேடைக்கே வரமாட்டேங்குது. நானும் சொல்லிப் பார்த்துட்டேன். எனக்கு அந்த ஒரு போட்டோ போதுங்ணா.”

“எடுத்தர்றேன் சாமி. நீ நிம்மதியா இரு.”

மேடையைக் கூட்டாளி நந்தகுமாரிடம் விட்டுவிட்டு, கூட்டத்தின் நடுவே ஸ்டூல் போட்டு ஏறிக்கொண்டான். பெண்ணின் அம்மா சென்னியம்மாள் பந்திக் கூடத்து வாசலில் நின்றாள். புருஷன் போர் போடும் ரிக் வண்டியோடு போன இடத்தில் இறந்து ஆறு வருடம். அவளை யாரும் பிடித்துத் தள்ளவில்லை. சீர்த்தட்டைத் தொடப் போனபோது ஒருத்தி, “நீ அந்தப் பக்கம் இரு” என்றாள். மேடைப்படி அருகே இன்னொருத்தர், “கொஞ்சம் தள்ளி நில்லு ஆயா” என்றார். எல்லாம் அன்பாகத்தான். அப்படியே தள்ளித் தள்ளி அறுபதடி போய்விட்டாள்.

கெட்டிமேளம் கொட்டியது. பூபதி வளையத்தைத் திருப்பினான். ஃபோகஸ் அவள் முகத்தை விட்டுவிட்டுக் குறுக்கே பறந்த அரிசியைப் பிடித்தது, வாசல் தோரணத்தைப் பிடித்தது, மறுபடி அலைந்தது. ஒரு வழியாக அது நிலைத்தபோது வாசல் காலியாக இருந்தது.

இறங்கி ஓடினான். பந்திக் கூடத்துக்குப் பின்னால், கை கழுவும் இடத்தில், சுவரோரமாக நின்று சென்னியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, உங்களை ஒரு படம் எடுக்கச் சொல்லி உங்க பொண்ணு சொல்லுச்சுங்க.”

“எம்புள்ளையா? என்னையவா?” என்று கிட்டே வந்துவிட்டாள். கைக்கெட்டும் தூரம். இமையில் ஈரம், உதட்டில் சிரிப்பு. பூபதி கேமராவைத் தூக்கினான். எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. அந்த லென்ஸுக்கு ஒன்றரை மீட்டராவது இடைவெளி வேண்டும்.

“கொஞ்சம் பின்னால போங்கக்கா.”

அரையடி போனாள்.

“இன்னும் கொஞ்சம்.”

முதுகு சுவரில் முட்டியது.

“இதுக்கு மேல எங்க சாமி போறது? காத்தால இருந்து எல்லாரும் இதையேதான் சொல்றீங்க.”

அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருப்பான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

“நீங்க அங்கயே நில்லுங்கக்கா. நான் போறேன்.”

பின்னால் பார்க்காமல் நகர்ந்தவனின் கால் சாக்கடையில் இறங்கியது. ஷூ முழுக எச்சில் தண்ணீர். “ஐயோ, பார்த்து சாமி!” என்று கையை நீட்டியபடியே சென்னியம்மாள் சிரித்துவிட்டாள். காலை வெளியே எடுக்காமலே பூபதி பொத்தானை அமுக்கினான்.

சாயங்காலம் அந்தப் படத்தை யுவஸ்ரீக்கு அனுப்பி, தாலி ஏறும்போது எடுத்தது அல்ல, அதைத் தவறவிட்டேன் என்று ஒளிக்காமல் எழுதினான். உடனே பதில் வந்தது. ‘பரவாயில்லீங்ணா. கை நீட்டி யாரைக் கிட்ட கூப்பிடுது எங்கம்மா?’

பூபதி கம்பெனிப் படிவத்தைத் திறந்தான். வளையம், தொங்கும் குழல், அலையும் ஃபோகஸ், மூன்றையும் எழுதினான். நான்காவதாக, ‘கிட்டே இருப்பவர்களை எடுக்க முடியவில்லை. ஒன்றரை மீட்டரைக் குறைக்கவும்’ என்று எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தான். லென்ஸ் கேட்டது இடைவெளியை மட்டும்தான். அவளைப் பின்னால் போகச் சொன்னது அவன் வாய்.

அந்த வரியை அழித்தான்.