சிவப்புச் சீட்டு ஒட்டிய ஃபிளாஸ்க்

திங்கட்கிழமை காலை மாரிசெல்வி செல் வளர்க்கும் இன்குபேட்டரைத் திறந்தாள். நடுத்தட்டில் மூன்று ஃபிளாஸ்க் இருக்க வேண்டும். ஒன்றுதான் இருந்தது. தட்டு பளபளவென்று துடைத்துக் கிடந்தது. கதவில் புதிதாக ஒரு ஸ்டிக்கர்: ‘தேவையானதை வை. தேவையில்லாததை நீக்கு.’

“யாரு இதத் தொட்டது?”

அடுத்த அறையிலிருந்து ராஜசேகர் சிரித்துக்கொண்டே வந்தார். வடக்குப்பட்டுக்காரர். கார் பாகம் செய்யும் கம்பெனியில் வருஷக்கணக்காக உற்பத்தி லைனைப் பார்த்துவிட்டு இந்த மருந்துக் கம்பெனிக்கு மேனேஜராக வந்தவர். ஆள் நல்லவர்தான். ஆனால் எதைப் பார்த்தாலும் அவர் கண்ணுக்கு அது பிரேக்கும் பம்பரும்தான்.

“நான்தாம்மா. நாளைக்கு ஆடிட் கீதில்ல? நேத்து வந்து மொத்த லேபையும் கிளீன் பண்ணிட்டேன். ரெண்டு ஃபிளாஸ்க் கெட்டுப்போய்க் கெடந்துச்சு. மைக்ராஸ்கோப்ல வெச்சுப் பாத்தா செல்லு மொத்தமும் செத்து மெதக்குது. ரெட் டேக் ஒட்டி, பிளீச் ஊத்தி, ரிஜெக்ட்ல போட்டுட்டேன். நல்லா இருந்தத பத்திரமா வெச்சிருக்கேன் பாரு.”

ரிஜெக்ட் தொட்டியில் இரண்டும் பிளீச்சில் மூழ்கிக் கிடந்தன. சிவப்புச் சீட்டு ஊறிச் சாயம் விட்டிருந்தது.

மாரிசெல்வி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள். “கிருமிய வச்சு என்னட்டி பண்ணுத அங்க?” என்று அம்மா போனில் கேட்டபோது, “கிருமிக்குன்னு சொந்தமா ஒண்ணும் கெடையாதும்மா. நம்ம செல்லுக்குள்ள புகுந்து, நம்ம சாமான வச்சே பெருகுது. எந்தச் சாமான ஒளிச்சு வச்சா அதால பெருக முடியாதுன்னு பாக்கேன்” என்று சொல்லியிருந்தாள். அந்தச் சாமானைச் செய்யச் சொல்லும் குறிப்புக்குத்தான் ஜீன் என்று பெயர். ஒவ்வொரு செல்லிலும் ஒவ்வொரு ஜீனை உடைத்து, மேலே வைரஸை ஊற்றிக் காத்திருந்தாள். கிட்டத்தட்ட எல்லாம் செத்தன. சாகாமல் ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சத்தை இன்று காலை எடுத்து, எந்த ஜீன் உடைந்தவை என்று பார்க்க வேண்டும். மாதக் கடைசிக்குள் பதில் வராவிட்டால் இந்த ஆராய்ச்சியையே மூடிவிட்டு அவளைப் பாட்டில் நிரப்பும் லைனுக்கு மாற்றிவிடுவதாக ஆராய்ச்சித் தலைவர் இசைவாணி மேடம் சொல்லியிருந்தார்.

“சார், செத்ததுக்கு நடுவுல சாகாத செல்லு கொஞ்சம் இருந்துச்சு. அதுக்காகத்தான் மத்ததையெல்லாம் சாக விட்டேன்.”

“சாக விட்டியா? இன்னாம்மா நீ! லைன்ல இத்தினி பீஸ் ரிஜெக்ட் ஆச்சுன்னா லைனையே நிறுத்திடுவோம்.”

“இங்க தப்பிச்ச பீஸுதான் சார் வேலையே!”

ராஜசேகரின் சிரிப்பு நின்றது. “தொடாதீங்கன்னு எழுதி ஒட்டியிருக்கலாம்ல?”

“உங்க வீட்டுக் குழம்புச் சட்டில எழுதி ஒட்டியிருக்கா?”

சொன்ன பிறகுதான் அவர் மேனேஜர் என்பது நினைவுக்கு வந்தது. வருவது வரட்டும். அழுதால் ‘பொண்ணுங்களே இப்படித்தான்’ என்பார்கள். அதற்காகவே அழவில்லை.

மிஞ்சிய ஃபிளாஸ்க்கை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். அது வைரஸே படாதது, ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்தது. தப்பித்தவை இல்லாமல் இதை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்ய? பாய் விரித்த மாதிரி செல்கள் கொழுகொழுவென்று கிடந்தன. எரிச்சலோடு பார்த்துக்கொண்டே இருந்தவள் சட்டென நிமிர்ந்தாள். இதுவும் அதே கூட்டம்தானே? இதிலும் ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு ஜீன் உடைந்துதானே கிடக்கிறது?

“சார், மேடத்துக்குப் போன் போடுங்க. நடந்தத நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா சாக்குன்னுவாங்க.”

அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பேசினார். ‘ஆமாம் மேடம்’ நிறைய வந்தது, ‘என் தப்புதான்’ ஒரே ஒரு தடவை, அதுவும் முனகலாக. “ரெண்டு வாரம் கூட தராங்களாம். அதுக்கு மேல கேக்காதன்றாங்க.”

ஞாயிறும் வேலை என்று அதற்குப் பொருள். பல்லைக் கடித்துக்கொண்டு கையுறை மாட்டினாள். செல்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை ஒப்பிட ஒதுக்கி வைத்துவிட்டு, மறு பாதியில் வைரஸை விட்டாள்.

ராஜசேகர் பதறினார். “ஐயோ, இது நல்லா கீதேம்மா! இதையுமா?”

“நல்லா இருக்கதுனாலதான்.”

அவர் தணிந்த குரலில் கேட்டார்: “எப்போ சாவும்?”

“இந்த வாரக் கடைசில.”

“அதுவரைக்கும் நான் இன்னா பண்ணணும்?”

“இந்தப் பக்கமே வராதீங்க” என்றபடி ஃபிளாஸ்க்குகளை உள்ளே வைத்து இன்குபேட்டர் கதவை அறைந்து சாத்தினாள்.