நாலு நாள் மாத்திரை

முன்னே பிறந்தவை தங்கவில்லையென்று எமனை ஏமாற்ற வைத்த பெயர் மண்ணாங்கட்டி. ஐம்பத்தெட்டு வருஷம் அந்தப் பெயர் அவனைக் காப்பாற்றியது. அப்புறம் இருதயக் குழாயில் சுண்ணாம்பு கட்டிக்கொண்டது. பலூன் விட்டு ஊதினாலும் அசையாத கெட்டியாம். கடைசியில் குழாய்க்குள்ளேயே அதிர்வலை செலுத்தி, அதை விரிசல் விட வைத்து, ஸ்டென்ட் வைத்தார்கள். வெளியே உட்கார்ந்திருந்த அவன் பெண்டாட்டி பாஞ்சாலை, புருஷன் பிழைத்தால் அண்ணாமலையாருக்கு அவன் தலைமுடி என்று வேண்டிக்கொண்டாள். தன் முடியை வேண்டியிருக்கக் கூடாதா?

மனுஷன் பிழைத்துவிட்டான். மூன்றாம் வாரமே அடி அண்ணாமலையில் இளநீர்க் கடையைத் திறந்து, தன் நெஞ்சுக்குள் பாறை உடைத்த கதையை வருகிறவன் போகிறவனிடமெல்லாம் அளந்தான். ரத்தம் உறையாமலிருக்கத் தினம் இரண்டு மாத்திரை, ஒரு நாள்கூட விடக் கூடாதென்று டாக்டர் அன்புச்செல்வி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

ஒரு நாள் சவரம் செய்யும்போது தாடையில் பிளேடு பட்டது. சின்னக் கீறல்தான். துண்டு நனைந்தும் ரத்தம் நிற்கவில்லை. துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டே பாஞ்சாலை வேண்டுதல் மொட்டையை நினைத்தாள். தாடைக்கே இப்படியென்றால், தலை முழுக்கக் கத்தி ஓடினால்? பக்கத்து வீட்டுக்காரருக்குப் பல் பிடுங்க நாலு நாள் இதே மாதிரி மாத்திரையை நிறுத்தினார்களே என்று நினைவு வந்தது. அவருக்கு ஸ்டென்ட் கிடையாது; அது இவளுக்கு எங்கே தெரியும்? டாக்டருக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். மொட்டையே வேண்டாமென்று சொல்லிவிட்டால் சாமி குத்தமாகிவிடுமே என்று பயந்தாள், பாவி. மற்ற மாத்திரைகளைக் கொடுத்து, அந்த இரண்டை மட்டும் தினமும் முந்தானையில் முடிந்துகொண்டாள். அவள் கொடுப்பதை என்னவென்று பார்க்காமல் விழுங்குகிறவன் அவன்.

ஐந்தாம் நாள் காலை மொட்டை முடிந்தது. சந்தனம் பூசிய தலையைத் தடவிக்கொண்டே, "ஒரு சொட்டு ரத்தம் வரல பாரு பாஞ்சால" என்று சிரித்தான். அவளுக்கும் பெருமை தாங்கவில்லை. ராஜகோபுரத்தைத் தாண்டுவதற்குள் மாரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முக்கால் மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார்.

"ஸ்டென்ட்டுக்குள்ள ரத்தம் உறைஞ்சிருக்கும்மா. மாத்திரைய நிறுத்துனீங்களா?"

பாஞ்சாலை முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். எட்டு மாத்திரையும் அப்படியே இருந்தன.

"நாலு நாள்தான் மேடம். இப்ப குடுத்துடட்டுமா?"

டாக்டர் அவள் கையை மூடிவிட்டார்.

"இனிமே வேணாம்மா."