கழுவிய பாட்டில்

எங்கள் தலைமை வேதியியலாளருக்குச் சுத்தம் என்றால் உயிர். வேதியியல் அவ்வளவாக ஒத்துவராது. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு வருவதற்கு முன் ஒரு சாயத் தொழிற்சாலையில் இருந்தார். இயக்குநரின் தங்கையைக் கட்டியது அவருடைய மேற்படிப்பு.

நான் தற்காலிகம். நிரந்தர வேலைக்கு முதல் நேர்காணல் போனபோது, பொம்பளப் புள்ள தண்ணித் தொட்டி மேல எப்படி ஏறும் என்று கேட்டார்கள். ஏறிக் காட்டினேன். அடுத்த முறை தொட்டியை விட்டுவிட்டு என் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டார்கள். அந்த வேலைதான் இவருக்குப் போனது.

வீட்டிலும் மரியாதைக்குக் குறைவில்லை. "தண்ணி நல்லாருக்கான்னு பாக்க நாக்கு போதாதா? அதுக்கு ஒரு எம்.எஸ்சி.யா?" என்பார் அக்கா வீட்டுக்காரர். அவருக்கு அது நகைச்சுவை.

மழை தொடங்கியதிலிருந்து அக்கா மகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவேயில்லை. அவர்கள் வீட்டுச் சமையலறைக் குழாய்த் தண்ணீரைச் சோதித்தேன். சாக்கடைக் கிருமி இருந்தது. அறிக்கை கொடுத்தேன். தலைமை வேதியியலாளர் தானே போய் அதே குழாயில் எடுத்து வந்து சோதித்தார். ஒரு கிருமிகூட இல்லை.

"உங்க பாட்டில்தாம்மா அழுக்கு. தப்பு என்னுதுன்னு எழுதிக் குடுத்துடுங்க. அடுத்த வாரம் இன்டர்வியூ வேற வருது" என்றார்.

அத்தானும் அவர் பக்கம்தான். "அவ்ளோ பெரிய ஆபீசரே வந்து பாத்துட்டுச் சொல்றார். நீ என்னமோ பீதியக் கிளப்புற."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இயக்குநர் முன்னிலையில் இருவரும் ஒன்றாக எடுப்போம் என்றேன். என் மூக்கை உடைக்க நல்ல வாய்ப்பு என்று இயக்குநரும் கிளம்பி வந்தார்.

சமையலறையில் நான்கு பேர் நெருக்கியடித்து நின்றோம். குழாய் வாயை நெருப்பில் வாட்டி, தண்ணீரைச் சற்று ஓடவிட்டு, என் பாட்டிலை நிரப்பி மூடினேன். அடுத்து அவர். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து முகம் சுளித்தார். தண்ணீர் பிடித்துக் குலுக்கிக் கொட்டினார். மறுபடியும் குலுக்கிக் கொட்டினார். பிறகுதான் நிரப்பினார். இயக்குநர் மெச்சித் தலையாட்டினார். "பாத்துக்க, இப்படித்தான் எடுக்கணும்" என்று அத்தான் எனக்குப் பாடம் நடத்தினார்.

"ஏன் சார் கழுவினீங்க?"

"உள்ள வெள்ளையா என்னமோ ஒட்டியிருந்துச்சு."

"எப்பவும் கழுவுவீங்களா?"

"பின்ன? கழுவாம யாராச்சும் எடுப்பாங்களா?"

"அது அழுக்கில்ல சார், குளோரின முறிக்கிற மருந்து. நான்தான் போட்டு வைக்கிறேன். அதக் கழுவிட்டா, குழாய்ல உயிரோட வர்ற கிருமிய லேபுக்குப் போறதுக்குள்ள பாட்டில்ல இருக்கிற குளோரினே கொன்னுடும். சாயத் தண்ணிக்குக் கழுவலாம். இதுக்குக் கழுவக் கூடாதுன்னு ஃபர்ஸ்ட் இயர்லயே சொல்லித் தருவாங்க."

இயக்குநர் என்னைக் கதவோரம் அழைத்தார்.

"சின்ன விஷயம்மா. இனிமே மாப்ள கழுவ மாட்டார். பழைய ரிப்போர்ட் அப்படியே இருந்துட்டுப் போகட்டும். உன் வேலைய நான் பாத்துக்கறேன், இந்தத் தடவ உனக்குத்தான்."

எத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை. ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். அதற்குள் அக்கா மகள் டம்ளரோடு வந்து குழாயைத் திறந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"அந்தப் பழைய ரிப்போர்ட்டத்தான் சார் இவ இத்தன நாளா குடிச்சிட்டிருக்கா" என்றேன், எல்லோர் காதிலும் விழும்படி.

அத்தான் மகள் கையிலிருந்த டம்ளரை வாங்கிப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கொட்டினார். பிறகு இயக்குநர் பக்கம் திரும்பி, "அப்ப நல்ல தண்ணின்னு எங்கிட்ட சொன்னது யாரு சார்?" என்று மெதுவாகக் கேட்டார். இயக்குநர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை பாட்டிலைப் பார்த்தார்.

நான் என் பாட்டிலை ஐஸ் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.

"இன்டர்வியூக்கு வர்றேன் சார். இதோட ரிசல்ட்டையும் எடுத்துட்டே வர்றேன்."