ஒழுகிய இன்ஜெக்டர்

ஞாயிற்றுக்கிழமை மதியம், உதவாது என்று ஒதுக்கிவைத்த இன்ஜெக்டரைச் சும்மா ஒருமுறை சோதனை மேசையில் மாட்டிப் பார்த்தான் சொட்டு. பனிப்புகைபோலப் பொடிப்பொடியாய்ப் பீய்ச்சியது. முனையில் ஈரம்கூட இல்லை.

லாரி இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைப் பிரித்துப் புதுப்பிப்பதுதான் அவன் பிழைப்பு. "ஒரு சொட்டு ஒழுகினாலும் என் கையவிட்டுப் போகாது" என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லித்தான் சொட்டு என்ற பெயரே வந்தது. நல்லது இங்கே கிடக்கிறதென்றால் ஒழுகியது எங்கே? புதன்கிழமை அக்கா வீட்டுக்காரரின் பழைய லாரியில் மாட்டிய ஆறில் ஒன்று அதுதான்.

நான்கு நாளாக டீசல் கசிந்து இன்ஜின் ஆயிலோடு கலந்திருக்கும். மேட்டில் முறுக்கி ஏற்றினால் இன்ஜின் அந்த ஆயிலையே உறிஞ்சிக்கொண்டு தறிகெட்டு ஓடும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது.

மாமாவுக்குப் போன் அடித்தான். எடுக்கவில்லை. அக்காவும் எடுக்கவில்லை. ஞாயிறானால் மாமா இருக்கும் இடத்துக்கு ஸ்கூட்டரை விரட்டினான்.

கைவிட்ட கல்குவாரியில் பழைய லாரிப் பிரியர்கள் வழக்கம்போலக் கூடியிருந்தார்கள். ஐஸ்பெட்டியைச் சுற்றி, கறுப்பு பீர் உசத்தியா மஞ்சள் பீர் உசத்தியா என்று வாய்த்தகராறு.

"வாப்பா சொட்டு, நீயே சொல்லு. அந்த மஞ்சத் தண்ணியெல்லாம் ஒரு பீரா?" என்றார் டேங்கர் லாரிக்காரர் ஒருவர்.

"மாமா எங்கண்ணே?"

"மேட்டுல ஏத்திக் காட்டப் போயிருக்காரு. உங்கக்காவும் கூடத்தான்."

சொல்லி வாய் மூடவில்லை, மேலிருந்து அலறல் கேட்டது. மனிதக் குரலல்ல, இன்ஜின். மேட்டின் உச்சியை வெள்ளைப்புகை மூடியது.

ஐஸ்பெட்டியின் மூடியைப் பறித்துக்கொண்டு ஓடினான். புகைக்குள் லாரி அதிர்ந்துகொண்டிருந்தது. அக்கா இறங்கிவிட்டிருந்தாள். மாமா சாவியைக் கையில் உருவி வைத்துக்கொண்டு, "நிக்கமாட்டேங்குதுடா" என்று கத்தினார். சொட்டு பக்கவாட்டில் ஏறி, இன்ஜின் காற்றிழுக்கும் குழாயின் வாயில் மூடியை வைத்து உடம்போடு அழுத்தினான். மூடி உள்ளே குழிந்தது. விரல் நசுங்கியது. கடைசியில் விக்கலெடுத்து, செத்தது இன்ஜின்.

எல்லோரும் ஓடிவந்து அவனைக் கட்டிக்கொண்டார்கள். இரண்டு கட்சிக்காரர்களும் தங்கள் பீரையே அவன் கையில் திணித்தார்கள். "என் மச்சான் தெய்வம்டா" என்றார் மாமா.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இன்ஜினைப் பிரிக்கப்போவதும் அவன்தான். ஒரு பயலுக்கும் தெரியாது. அக்கா தன் முந்தானையைக் கிழித்து அவன் விரலைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"மாமா, ஒழுகுற இன்ஜெக்டரை மாத்தி மாட்டிட்டேன். என் தப்புதான்."

மாமா தனக்கு யாரோ தந்த பீரைக் கீழே வைத்தார். "உங்கக்கா உள்ள இருந்தாடா" என்றார், அவ்வளவுதான்.

அக்கா கட்டை இறுக்கி முடித்தாள். முடிச்சுப் போடும்வரை அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு போய் லாரிக்குள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

இழுவை வண்டி வர இரண்டு மணி நேரமானது. அதுவரை சொட்டு வெயிலில் நின்றான். போ என்றும் யாரும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.