மிசோ சூப் குடித்த கிண்ணம்

சுமியே என்ற என் அக்கா ஒரு கிண்ணத்தைக் கையில் எடுத்தால், அது பேசுகிறதா, ஊமையா, அகம்பாவம் பிடித்ததா என்று சொல்லிவிடுவாள். ஜப்பானின் ஹாகி நகரில் முப்பது வருடமாகத் தேநீர்ச் சடங்கு கற்றுத் தருகிறவள். குயவன் கெய்சாகுவைத்தான் கல்யாணம் செய்துகொள்வேன் என்று அவள் மகள் சிசுரு சொன்னபோது, அக்கா மாப்பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"அவன் செஞ்ச கிண்ணம் ஒண்ணு என் புத்தாண்டு விருந்துல தகுதியா நிக்கட்டும். அப்புறம் கல்யாணத்தைப் பத்திப் பேசலாம்."

இரண்டே மாதத்தில் கெய்சாகு ஐந்து கிண்ணங்கள் கொண்டுவந்தான். முதல் கிண்ணம் ரொம்பப் பேசியது. இரண்டாவது ஊமை. மூன்றாவது, குடிப்பவரை முந்திக்கொண்டு வணங்கியது. நான்காவதற்கு வயது போதாது. ஐந்தாவதை அக்கா கவிழ்த்துப் பார்த்தாள்.

"இதுல கல்யாண அவசரம் தெரியுது."

"அவசரம் இருக்கறது நிஜம்தானே டீச்சர். முப்பத்தாறு வயசாச்சு," என்றான் கெய்சாகு.

ஆறாவதை அவன் என்னிடம் கொண்டுவந்து கொடுத்தான். "நீங்களே வச்சுக்கோங்க சித்தி. இனிமே அவங்ககிட்ட நீட்ட எனக்குத் தெம்பு இல்ல."

எங்கள் ஊர்க் கிண்ணங்கள் குடிக்கக் குடிக்க நிறம் மாறும். கோடையும் இலையுதிர் காலமும் முழுக்க, நான் காலை மிசோ சூப்பை, புளித்த சோயா விழுதில் செய்த அந்தச் சூப்பை, அதில்தான் குடித்தேன். டிசம்பரில் அது நன்றாகப் பழுத்திருந்தது. நிறம் வெளுத்த துணி ஒன்றில் சுற்றி அக்கா முன்னால் வைத்தேன். துணி பழசு என்பதால் கிண்ணமும் பழசு என்று அவளே முடிவு செய்துகொண்டாள். யார் செய்தது என்று கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வெகுநேரம் அதைக் கையில் வைத்திருந்தாள். "இதுல ஒரு மனுஷ வாடைகூட இல்ல யாயோய். வெறும் தனிமை," என்றாள் என்னிடம்.

மரப்பெட்டி செய்யச் சொல்லி, மூடியில் தன் கையாலேயே கிண்ணத்துக்குப் பெயர் எழுதினாள்: 'ஒருவர்'. எங்கள் எழுத்தில் அது ஒரு படுக்கைக் கோடு, கீழே மனிதன் என்ற எழுத்து. விருந்து நாள்வரை பெட்டியை யார் கண்ணிலும் காட்டவில்லை.

விருந்துக்குப் பதினோரு பேர் வந்தார்கள். குடித்து முடித்ததும் கிண்ணம் கைமாறியது. ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் ஓகுரா அதைத் தலைகீழாகத் திருப்பினார். அடிப்பாகத்தின் வெள்ளைப் பூச்சில், பூச்சு படாமல் மண் தெரியும் நான்கு தடங்கள்.

"மூணு பைன் மரம் நேரா நிக்குது. நாலாவது கடல்காத்துல சாஞ்சுபோச்சு," என்றார்.

மருந்துக்கடைக்கார அம்மாள் நிஷிவாகி உள்ளே முகர்ந்தார். "இருநூறு வருஷத் தேநீர் வாசனை."

மண்டியிட்டு உட்கார்ந்து எனக்குக் கால் வலித்தது நல்லதாயிற்று. வலியில் சிரிப்பு வரவில்லை.

கிண்ணத்தைத் திருப்பி எடுத்துப்போக சிசுரு வந்தாள். அடியைப் பார்த்தவள், என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே, சடங்கில் யாரும் பிடிக்காத விதமாக அடிப்பாகத்தைப் பிடித்தாள். நான்கு தடங்களில் நான்கு விரல்கள் போய் உட்கார்ந்தன. சுண்டுவிரல் வெளிப்பக்கம் சாய்ந்து.

"கையை எடுக்காதே," என்றாள் அக்கா.

ஓகுரா விடவில்லை. "அந்தச் சாஞ்ச மரம் இருக்கே டீச்சர்..."

"அது மரம் இல்ல. என் பொண்ணோட சுண்டுவிரல். நாலு வயசுல கதவு இடுக்குல வச்சா. கதவைச் சாத்தினது நான்."

அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"யாயோய், இது எந்தக் காலத்துக் கிண்ணம்?"

"போன மே மாசம், அக்கா."

"இந்த நிறம்?"

"மிசோ சூப்."

நிஷிவாகி அம்மாள் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டார்.

சிசுரு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பூச்சுல முக்கும்போது அவருக்குக் கை நடுங்குச்சும்மா. உன்கிட்ட காட்டணுமேங்கற பயம். அதான் நான் பிடிச்சு முக்கினேன்."

அக்கா பெட்டி மூடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பதினோரு பேர் முன்னால் பாராட்டியாகிவிட்டது. பெயர் எழுதிய மையும் மரத்துக்குள் ஊறிவிட்டது, இழைத்தால்தான் போகும்.

"மனுஷ வாடையே இல்லன்னு சொன்னேன் இல்ல?"

"சொன்னே," என்றேன்.

புத்தாண்டில் எழுதும் முதல் எழுத்துக்காக எடுத்து வைத்திருந்த தூரிகையை வரவழைத்தாள். பழைய கோட்டுக்கு மேலே, கொஞ்சம் சின்னதாக, இன்னொரு கோடு இழுத்தாள். 'இருவர்' என்று எழுத எங்களுக்கு அவ்வளவுதான் வேண்டும்.

ஓகுரா எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். "கையில எடுத்ததுமே எனக்கு ரெண்டு பேருன்னுதான் பட்டுது டீச்சர்."

அக்கா மை காய மூடியைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

"நாளைக்கு அவனை வரச் சொல்லு," என்றாள் மகளிடம். "கிண்ணம் எதுவும் கொண்டுவர வேண்டாம்."