பத்தாவது கரண்டிச் சத்தம்

ஹ்யோ-சிக், தன் தம்பி மகள் எழுதிய நாவலைச் சிவப்புப் பென்சிலோடு படிக்க உட்கார்ந்தார். சனிக்கிழமை நான்கு மணிக்கு வம்ச மண்டபத்தில் கூட்டம். முப்பது வருடத்துக்கு ஒருமுறை அச்சாகும் வம்சப் புத்தகத்தில் இந்த முறைதான் பெண்பிள்ளைகளுக்கும் பெயரெழுதத் தனி வரி. இறந்துபோன தம்பியின் ஒரே மகள் யோன்-சூவின் வரியை அடித்துவிட வேண்டும் என்று பங்காளி ஜோங்-கு ஊரெல்லாம் சொல்லிவிட்டார். குடும்பத்தைப் பேய் வீடாக்கி எழுதிவிட்டாளாம். வம்சத்தின் மூத்த வாரிசு என்பதால் முடிவு ஹ்யோ-சிக் கையில். படிக்காமல் ஒருவரைத் தண்டிப்பது அவர் வழக்கமில்லை.

முதல் பக்கத்திலேயே வீடு மூச்சு விட்டது. மூடுபனி விலகாத மலையடியில், நிலா மறையாத ஊரில், மருமகள்களைத் தின்று வளரும் வீடு. ஒருத்தியை விழுங்கினால் ஒரு தூண் கூடுகிறது. குதிரைமுடித் தொப்பி வைத்த வீட்டுத் தலைவனுக்கு நிழல் உண்டு, உடம்பு இல்லை.

"பிதற்றல்" என்று ஓரத்தில் எழுதினார். எழுதிவிட்டு எழுந்து போய்க் கூடத்துத் தூண்களை எண்ணினார். எட்டு. எப்போதும் எட்டுதான்.

"என்னங்க, தூணு ஏதாவது காணாம போயிடுச்சா?" என்றாள் மிர்யாங் ஊர்க்காரியான அவர் மனைவி, பேரிக்காய் நறுக்கிக்கொண்டே.

"வேலையப் பாரு."

"மூணு நாளா ஒரு எடத்துல உட்கார மாட்டேங்கிறீங்க. அவ எழுதின பேய் உங்களத்தான் பிடிச்சிருக்கு போல."

அவர் மறுபடி புத்தகத்தைப் பிரித்தார். கதையில் வரும் முன்னோர் படையல் தட்டில் இலந்தைப் பழத்தை மேற்கே வைத்திருந்தாள் யோன்-சூ. சிவப்புப் பழம் கிழக்கே இருக்க வேண்டும். அதைச் சுழித்தபோது கொஞ்சம் நிம்மதி வந்தது. அடுத்த பக்கத்தில் அது போய்விட்டது.

படையலின்போது சோற்றில் கரண்டியைக் குத்திவைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு, முன்னோர் ஒன்பது வாய் உண்ணும் நேரம் எல்லோரும் வெளியே தலைகுனிந்து நிற்பார்கள். பிறகு மூத்தவர் மூன்று முறை கனைத்துவிட்டுத் திறப்பார். நாவலில் ஒரு சிறுமி அந்த வாய்களை எண்ணுகிறாள். ஒன்பது முடிகிறது. பத்தாவது கரண்டி கிண்ணத்தில் உரசும் சத்தம் கேட்கிறது. அழைக்கப்படாத ஒருத்தி உள்ளே உட்கார்ந்து சாப்பிடுகிறாள். கிணற்றில் விழுந்த மருமகள். வாளியில் தண்ணீருக்குப் பதில் அவள் கூந்தல்தான் ஏறி வருகிறது.

பென்சில் அப்படியே நின்றது. அறுபது வருடமாகக் கதவுக்கு வெளியே நின்றவர் அவர். எண்ணி முடித்ததும் கனைப்பாரே தவிர, ஒருநாளும் காது கொடுத்ததில்லை. புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். பின்கட்டுக்குப் போனார். கிணற்றைத் தூர்த்து நாற்பது வருடமாகிறது; மேலே முள்ளங்கி முளைத்திருந்தது. திரும்பி வந்து பூசானில் இருக்கும் யோன்-சூவுக்குப் போன் போட்டார்.

"கெணத்து விஷயம் உனக்கு யாரு சொன்னா?"

"எந்தக் கெணறு பெரியப்பா?"

"நடிக்காத. உங்க அப்பனுக்கே தெரியாது. எங்கிட்ட மட்டும்தான் எங்க அப்பா சொல்லிட்டுச் செத்தாரு."

தன் வாயால் என்ன செய்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"பெரியப்பா, அது நான் கற்பனையா எழுதினது" என்றாள் அவள் மெல்ல. "நம்ம வீட்டுல நெசமாவே ஒருத்தவங்க விழுந்தாங்களா?"

"உன் தாத்தாவோட மொத சம்சாரம். வந்து மூணு மாசம். பே வீட்டுப் பொண்ணு."

"பே அவங்க அப்பா குடும்பத்துப் பேரு. அவங்க பேரு என்ன?"

அவர் போனை வைத்துவிட்டார். கோபம் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை. பொய் எழுதினாள் என்றுதான் அவள் வரியை அடிக்க வேண்டும். அது பொய்யில்லை என்று தெரிந்தவர் இந்த வம்சத்தில் அவர் ஒருவர்தான்.

சனிக்கிழமை மண்டபத்தில் பதினோரு பேர் இருந்தார்கள். அச்சுக்குப் போக வேண்டிய தாள்கள் நடுவில் இருந்தன.

"என்னண்ணா, படிச்சு முடிச்சாச்சா?" என்றார் ஜோங்-கு. "ஒரு கோடு இழுத்தா வேலை முடிஞ்சுது. போய் சாராயம் குடிக்கலாம்."

"முடிச்சேன். தப்பு மூணு எடத்துல இருக்கு. இலந்தைப் பழத்த மேக்க வெச்சிருக்கா. நடுவுல நாப்பது பக்கம் வெறும் மூடுபனி. கடைசியில வீட்டக் கொளுத்துறா, அது சோம்பேறித்தனம்."

"அப்புறம்?"

"அப்புறம் எனக்கு மூணு நாளா சோறு எறங்கல. அவ வரி இருக்கட்டும்."

"அப்ப குடும்ப மானம்?" ஜோங்-கு எழுந்தே விட்டார். "வெளியூர்க்காரன் சிரிக்கிறான்ணா. மருமகள முழுங்குற வீடாம் நம்ம வீடு."

"உக்காரு. மானத்தப் பத்தி நான்தான் பேசணும்."

ஹ்யோ-சிக் முதுகை நிமிர்த்திக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார். மூன்று மாத மருமகள். கிணறு. உடலைத் துணியில் சுற்றி இருட்டோடு பிறந்த வீட்டுக்கு அனுப்பியது. கல்யாணமே நடக்காததுபோல மறு வருடம் தன் தாய் இந்த வீட்டுக்கு வந்தது. மூத்தவளுக்கு ஒரு வாய் சோறுகூடப் படைக்காத இத்தனை வருடம். நடுவில் ஒருமுறை கனைத்துக்கொண்டார்.

யாரும் பார்லி டீயைத் தொடவில்லை. ஜோங்-கு தாள்களைப் புரட்டி, ஹ்யோ-சிக்கின் அப்பா பெயர் இருந்த பக்கத்தை எடுத்தார்.

"இங்க எடம் இல்லையேண்ணா. உங்க அம்மா வரிக்கு மேல எழுதணும்."

"எங்கம்மா கீழ போகட்டும்."

"என்ன பேருன்னு போடுறது?"

"தெரியல."

"பே வீட்டுக்காரங்க இன்னும் சாங்கோல்லதான் இருக்காங்க. நான் வேணா போன் போட்டுக் கேக்கட்டா?"

"போன்ல கேக்குற விஷயமா இது? துரத்திவிட்டாலும் வாசல்ல நின்னு கேக்கணும். திங்கக்கிழமை பஸ்ஸுக்கு நானே போறேன். தாள அதுவரைக்கும் அச்சுக்கு அனுப்பாத."