எண்ணெய் மட்டம்

ஸ்பார்க் மெஷின் தொட்டியிலிருந்த மிதவை சுவிட்சை ராஜசேகர் கம்பியால் தூக்கிக் கட்டுவதைப் பார்த்துச் சுஜாதா கிட்டே வந்தாள்.

"எண்ணெ கொறஞ்சா அதுதானே சார் மெஷின நிறுத்தும்?"

"தொட்டி ரொம்பித்தானே இருக்குது? சும்மா சும்மா நின்னுபோவுதும்மா. புது சுவிட்ச் நாளைக்கி பெங்களூர்ல இருந்து வந்துரும். டை இன்னிக்கே போயாவணும்."

ஓசூர் தொழிற்பேட்டையின் கடைசித் தெருவில், டை எனப்படும் எஃகு அச்சுகளைச் செய்யும் அந்தச் சின்ன டூல்ரூம் அவருடையது. சொன்னவர் காரை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரிக்குப் போய்விட்டார். உள்ளே சுஜாதாவும் ஃபிட்டர் ஷோயபும் மட்டும் இருந்தார்கள்.

சுஜாதா மெஷினை ஓட்டினாள். கடினப்படுத்திய எஃகில் ட்ரில் இறங்காது, உடைந்துபோகும். அதற்குத்தான் இந்த மெஷின். செம்பு எலக்ட்ரோடு மேலிருந்து இறங்கி, எஃகைத் தொடாமல் மயிரிழை இடைவெளியில் நிற்கும். அந்த இடைவெளியில் மின்பொறிகள் விடாமல் தெறித்து எஃகைத் துளித்துளியாக அரித்தெடுக்கும். செம்பு என்ன வடிவமோ அதே வடிவத்தில் எஃகில் பள்ளம் விழும். அத்தனையும் எண்ணெய்க்கு அடியில் நடக்க வேண்டும். பொறியின் சூட்டைத் தணிப்பதும், அரித்த தூளைக் கழுவிக்கொண்டு போவதும் எண்ணெய்தான். மட்டம் இறங்கிப் பொறி மேலே வந்துவிட்டால் அந்த எண்ணெயே பற்றிக்கொள்ளும். போன வருஷம் பக்கத்துத் தெருவில் ஒரு பட்டறை அப்படித்தான் எரிந்தது. கூரைத் தகடு சுருண்டு கிடந்ததை அவள் பார்த்திருக்கிறாள்.

அதனால் அவள் தொட்டியைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தொட்டிக் கதவின் ரப்பரிலிருந்து எண்ணெய் லேசாகக் கசிந்தது. பம்ப் அதை ஈடுகட்டிக்கொண்டிருந்தது.

மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்த ஷோயப், "ஃபில்டர் அடைச்சிருக்கு. பம்ப நிறுத்திட்டு மாத்திடறேன், நீ பாட்டுக்கு ஓட்டு" என்றார்.

"மெஷினையும் நிறுத்திடலாம்ணா."

"அஞ்சு நிமிஷ வேலம்மா. நிறுத்துனா டைம் ஆயிரும்."

மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்து நுழையுமளவுதான் இடம். ஷோயப் உள்ளே போய்க் குந்தினார். சுஜாதா அடுத்த எலக்ட்ரோடை அளக்க மேஜைப் பக்கம் திரும்பினாள்.

சத்தம் மாறியது. எண்ணெய்க்குள் அமுங்கிக் கேட்ட கரகரப்பு, வெடிபோல் படபடவென்று கேட்டது. திரும்பிப் பார்த்தாள். பம்ப் நின்றதில் கசிவுக்கு ஈடில்லாமல் மட்டம் இறங்கி, எண்ணெய்ப் பரப்பின் மேல் நீலத்தீ ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த நொடி அது மஞ்சளாகி ஆளுயரம் எழுந்தது.

அவள் ஓடினாள். யோசிக்கவில்லை, கால்கள் அவளை முற்றத்துக்குக் கொண்டுபோய்விட்டன. கேட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கியபோதுதான் பின்னால் யாரும் வரவில்லை என்பது உறைத்தது.

"அண்ணா!"

உள்ளிருந்து இருமல் கேட்டது. சுவர்ப் பக்கத்திலிருந்து வெளியே வர ஒரே வழி, அந்தத் தீயை ஒட்டித்தான்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே திரும்ப ஓடினாள். எமர்ஜென்சி பட்டனைக் குத்தினாள். பொறி நின்றது, தீ நிற்கவில்லை. தூணிலிருந்த தீயணைப்பானைக் கழற்றினாள்; அதன் பூட்டுப் பின் இழுத்தும் வரவே இல்லை.

"தண்ணி! தண்ணி ஊத்து!" புகைக்குள்ளிருந்து ஷோயப் கத்தினார்.

"தண்ணி வேணாம்ணா! தீ எண்ணெயோட பரவிரும். மூஞ்ச மூடிக்குங்க!"

பின்னைப் பல்லால் கடித்து இழுத்தாள். வெள்ளைப் பொடி சீறியது. தீயின் அடியைப் பார்த்து, கண்ணை இறுக்கிக்கொண்டு அடித்தாள். சிலிண்டர் காலியாகிப் புஸ்ஸென்று காற்று வரும்வரை கையை எடுக்கவில்லை. கண் திறந்தபோது தீ இல்லை. பொடி அப்பிய முகத்தோடு ஷோயப் தவழ்ந்து வந்தார். ஒரு பக்கச் சட்டைக்கை கருகி, முன்னங்கை சிவந்து கிடந்தது.

இருவரும் முற்றத்து வெயிலில் உட்கார்ந்தார்கள். அவர் கைமேல் அவள் குழாய்த் தண்ணீரை மெதுவாக விட்டாள்.

"நீ போயிட்டேன்னு நெனச்சேன்."

"போயிட்டேன்தாண்ணா. அப்பறம் வந்தேன்."

அவர் நல்ல கையால் அவள் தலையைத் தொட்டார்.

சாயங்காலம் ராஜசேகர் வந்தார். கரி பிடித்த சுவரையும் ஷோயபின் கையில் சுற்றியிருந்த துணியையும் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார். தான் ஓடிப்போனதையும் மறைக்காமல் சுஜாதா எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு, "மெஷின செவுத்துல இருந்து தள்ளிப் போடுங்க சார். பின்னாடி இருக்கறவங்க ஓடி வர வழி வேணும். இல்லேன்னா நான் வர மாட்டேன்" என்றாள்.

மறுநாள் பெங்களூரிலிருந்து புது சுவிட்ச் வந்தது; ஆள் வைத்து மெஷினையும் நகர்த்தினார்கள். ராஜசேகரும் சட்டைக்கையை மடித்துக்கொண்டு கடப்பாரை போட்டு நெம்பினார்.